பாதி வசனம்

கெம்பீரபுரத்தில் வேதவசனம் பாதியில் நிற்க மறுத்தது ஆனி மாதக் காற்றுக் காலத்தில்தான், தேரிக்காட்டுச் செம்மணல் பறந்து வந்து வீட்டுக்கு வீடு சோற்றுப் பானைக்குள் சிவப்பாகப் படிகிற நாட்களில். முதலில் மாட்டிக்கொண்டவர் ரைஸ்மில் பொன்சிங். குழம்பில் உப்புக் கூடிப்போனதற்காக மனைவியைக் கடிந்துகொண்டிருந்தவர், வழக்கம்போல முத்தாய்ப்பாக, மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற வசனத்தை எடுத்து விட்டார். விட்டவர் நிறுத்தப் பார்த்தார், நாக்கு நிற்கவில்லை. மூக்கணாங்கயிறு அறுந்த மாடு போல அது அடுத்த வசனத்துக்குப் போய், அதற்கும் அடுத்ததற்குப் போய், புருஷன் தன் மனைவியைத் தன் சொந்த உடம்பாக நினைத்துப் பேணிக் காக்க வேண்டும் என்கிற இடம் வந்ததும் தானாக நின்றது. கரண்டியும் கையுமாக நின்று முழுவதையும் கேட்ட அவர் மனைவி ஜெபரஞ்சிதம், "இந்தப் பாதி இத்தன வருசமா எங்க கெடந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். பொன்சிங் அந்த உப்புக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

அடுத்து, செங்கல் சூளை வைத்திருந்தவர் ஒருவர், இடுப்பு வலிக்கிறதென்று உட்கார்ந்த பெண்ணைப் பார்த்து, வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்கிற வசனத்தைச் சொல்லப்போக, அது அவரையும் இழுத்துக்கொண்டு ஓடி, நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதே என்பதைக் கடந்து, அவனைப் பகைவனாக எண்ணாதே, சகோதரனாக எண்ணு என்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டது. பிள்ளையை அடிக்கப் பிரம்பெடுத்த தகப்பன் ஒருவன் நீதிமொழியில் தொடங்கி, ஓங்கிய கை ஓங்கியபடி இருக்க, ஒரு முழு அதிகாரத்தையும் தாண்டிப் போய், மெல்லப் பேசுகிற பதில் கோபத்தை ஆற்றும் என்கிற வசனத்தில்தான் மூச்சு வாங்கினான். அதற்குள் பிள்ளை எழுந்து விளையாடப் போய்விட்டது.

இதற்கு ஒரு கணக்கு உண்டென்று ஊருக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. சொன்னவர் எதை வேண்டாமென்று விட்டுவிட்டு வசனத்தை எடுத்தாரோ, அந்த இடம் வருகிறவரைக்கும் வசனம் ஓடும், வந்ததும் நின்றுகொள்ளும். மகனை ஆற்று வெள்ளத்துக்குப் பறிகொடுத்த தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, மேய்ப்பன் சங்கீதத்தின் முதல் வரியை ஒருத்தி முணுமுணுத்தபோது, அது அந்த ஒரு வரியோடு நின்றது. துக்க வீட்டில் இருந்தவர்கள் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். இவ்வளவுதானா, இவள் வாயில் மறைக்க ஒன்றுமில்லையா என்று எல்லாருக்கும் அவள்மேல் ஒரு பொறாமைகூட வந்தது.

கெம்பீரபுரம் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. வேதம் உயிருள்ளது, வல்லமையுள்ளது என்று ஞாயிறு தவறாமல் சொல்லிக்கொண்டிருந்த சனங்கள், உயிருள்ளது என்றால் நாலு எட்டு நடக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் கவலையெல்லாம் நடைமுறைக் கவலை. உரலுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்குப் பயப்பட முடியுமா, கிறிஸ்தவனாகப் பிறந்துவிட்டு வசனம் சொல்லாமல் இருக்க முடியுமா? ஆகவே ஊர் தன்னைத்தானே திருத்திக்கொண்டது, அதாவது ஏமாற்றிக்கொண்டது. கல்யாணப் பேச்சுக்குப் போகிறவர்கள் வசனம் இல்லாமல் பேசிப் பழகினார்கள். சண்டைக்காரர்கள் பழையபடி வெறும் கெட்ட வார்த்தைக்குத் திரும்பினார்கள், அதுவே யோக்கியமாக இருந்தது. ஜெபக் கூட்டத்தில் ஆளுக்கொரு வசனம் சொல்லும் முறை வந்தால், இயேசு அழுத அந்தச் சின்னஞ்சிறு வசனத்தை எல்லாரும் வரிசையாகச் சொல்லி உட்கார்ந்தார்கள், ஒரு மணி நேரம் அவர் அழுதுகொண்டே இருந்தார்.

விஷயம் சபை மேலிடத்துக்குப் போய், விசாரிக்க மூன்று பேர் காரில் வந்து இறங்கினார்கள். சகோதரர்கள் ஒருமித்து வாழ்வது எத்தனை நன்மை என்று அவர்களில் மூத்தவர் தொடக்க ஜெபத்தில் ஆரம்பித்தார். அந்தச் சங்கீதத்துக்கு மூன்றே வசனம். அவர் வாயிலோ வசனம் அது முடிந்தும் நிற்காமல் அடுத்த சங்கீதத்துக்கும் அதற்கடுத்ததற்கும் ஏற, மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். மூன்று பேரும் தேநீர் வருவதற்குள் கிளம்பிப் போனார்கள்.

இத்தனை அமளியிலும் ஊர் ஒருத்தியை மட்டும் நம்பியிருந்தது, அவள் சுகிர்தம் டீச்சர். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர், புருஷனில்லை, பிள்ளையில்லை, ஆனால் ஆதியாகமத்திலிருந்து கடைசிப் புஸ்தகம்வரை எங்கே தட்டினாலும் வசனம் கொட்டும். ஊரில் அவளுக்குப் பேர் வசனப் பெட்டி. பெண் பார்த்தால் அதற்கொரு வசனம், பிணம் எடுத்தால் அதற்கொரு வசனம், பால் திரிந்தால்கூட அவளிடம் ஒன்று இருந்தது. முழுவதையும் அறிந்தவளுக்குப் பாதி ஏது, டீச்சர் சொன்னால் வசனம் நிற்கும் என்று ஊர் பேசிக்கொண்டது. டீச்சரும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தாள். பொன்சிங்கின் கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தவளுக்குத்தான், புழக்கடைக் கதவைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறுத்தது.

அவளுக்கு ஒரே தம்பி, துரைப்பழம். தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவன் தன் இஷ்டத்துக்கு லீதியாள் என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான், குடித்தான், குடல் வெந்து செத்தான். தம்பி குடித்ததற்குத் தம்பியைக் கோபித்துக்கொள்ள டீச்சருக்கு மனம் வரவில்லை, ஆகவே லீதியாளைக் கோபித்துக்கொண்டாள். லீதியாள் இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு பீடி சுற்றிப் பிழைத்தாள். நாலு வருஷத்துக்கு முந்திய ஆடி மாதத்தில் பீடிக் கடையில் இலை வரவில்லை, இலை இல்லாமல் பீடி இல்லை, பீடி இல்லாமல் அரிசி இல்லை. ஒரு மத்தியானம் சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் டீச்சர் வீட்டுப் புழக்கடையில் வந்து நின்றாள். டீச்சர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாளை மீன் குழம்பு. வாசம் தெருவரைக்கும் போயிருக்கும்.

"மைனி, பிள்ளையளுக்குப் பசிக்கி," என்றாள் லீதியாள்.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. வாயில் மீனை வைத்துக்கொண்டே, முள்ளை நாக்கால் ஒதுக்கிக்கொண்டே, ஆகாயத்துப் பறவைகள் விதைக்கிறதுமில்லை, அறுக்கிறதுமில்லை, பரமபிதா அவற்றுக்குச் சோறு போடுகிறார் என்கிற வசனத்தைச் சொல்லி, "போயி முழங்கால்ல நில்லுளா, கர்த்தர் தருவாரு," என்று அனுப்பி வைத்தாள். அந்தச் சின்னது போகும்போது திரும்பித் தட்டைப் பார்த்தது. டீச்சர் தட்டை இந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். அந்தத் திருப்பி வைத்தலைத்தான் அவளால் பிற்பாடு மறக்க முடியவில்லை.

அன்று ஓடைக்கு அந்தப் பக்கம் அம்மன் கோயில் கொடை விழா. லீதியாளோடு பீடி சுற்றுகிற பேச்சியம்மா, கொடைப் பொங்கலை ஓலைக் கொட்டானில் கொண்டுவந்து கொடுத்தாள், பிள்ளைகள் தின்றன, லீதியாளும் தின்றாள். சாமிக்குப் படைத்ததைக் கிறிஸ்தவள் தின்றாள் என்று பொழுது விடிவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த ஞாயிறு நற்கருணை ஆராதனை. பீடத்தின் முன் உள்ள கிராதித் தடுப்பில் எல்லாரும் முழங்காலில் நின்றார்கள், டீச்சரின் பக்கத்தில் லீதியாள் வந்து முழங்காலிட்டாள். அப்போதிருந்த குருவானவர் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தார். டீச்சர் கண்ணைத் திறக்காமல், உதடு மட்டும் அசைய, கர்த்தரின் பாத்திரத்திலும் பேய்களின் பாத்திரத்திலும் சேர்ந்து பானம் பண்ண உங்களால் கூடாது என்கிற வசனத்தை அவள் காதில் விழும்படி சொன்னாள். கிண்ணம் வந்து சேருவதற்கு முன் லீதியாள் எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நடுப்பாதை வழியாக வெளியே போனாள். அவளை விலக்கி வைக்கக் கமிட்டித் தீர்மானமோ கடுதாசியோ எதுவும் தேவைப்படவில்லை, ஒரு வசனம் போதுமாயிருந்தது. அவள் பிறகு கோயிலுக்கு வரவேயில்லை. ஏன் வரவில்லை என்று கெம்பீரபுரத்தில் ஒருவரும் போய்க் கேட்கவில்லை.

இதுதான் டீச்சர் நெஞ்சில் குறுகுறுத்தது. தன் வாயையே சோதித்துப் பார்த்துவிடலாமென்று ஒரு மத்தியானம் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, அடுப்படியில் நின்று, ஆகாயத்துப் பறவைகளைப் பற்றி மெதுவாகச் சொன்னாள். அது பறவைகளைத் தாண்டியது. காட்டுப் பூக்களைத் தாண்டியது. நாளைக்காகக் கவலைப்படாதே என்பதோடு அதிகாரம் முடிந்துவிட, நின்றுவிடும் என்று அவள் மூச்சுவிட்ட நேரத்தில் அடுத்த அதிகாரத்துக்குள் நுழைந்தது. பிறனுடைய கண்ணில் உள்ள துரும்பைத் தாண்டி, கேளுங்கள், தட்டுங்கள் என்பதைத் தாண்டி, பிள்ளை மீனைக் கேட்டால் எவனாவது பாம்பைக் கொடுப்பானா என்கிற இடத்துக்கு வந்து நின்றது. டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவ்வளவு வசனத்தையும் அவள் நூறு தடவை படித்திருக்கிறாள், பிள்ளைகளுக்கு ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், தப்பில்லாமல் சொன்னதற்குப் பரிசு வாங்கியிருக்கிறாள். அதில் மீன் இருந்தது அவள் கண்ணில் படவே இல்லை.

அன்றிலிருந்து அவள் வசனம் சொல்வதை விட்டாள். கல்யாண வீட்டில் தலையாட்டினாள், சாவு வீட்டில் மூக்கைச் சிந்தினாள், ஐக்கிய சங்கத்தில் மற்றவர்களைச் சொல்லச் சொன்னாள். வசனப் பெட்டி பூட்டிக் கிடக்கிறதே என்று ஊர் கேலி செய்ய ஆரம்பித்து, பிறகு கேலியை விட்டுவிட்டு யோசிக்க ஆரம்பித்தது. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயம் எதற்கு?

குருவானவர் குணசிங் ஊருக்குப் புதிது, வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், வேதத்தின் அதிகாரம் என்கிறோமே, அது புஸ்தகத்தை உயரமான இடத்தில் வைப்பதில் இல்லை, நமக்கு எதிராகப் பேசவும் அதற்கு இடம் கொடுப்பதில் இருக்கிறது என்றார். "வனாந்தரத்துல பிசாசும் வசனந்தான் சொன்னான். சொன்னதுல ஒரு எழுத்துப் பிழை கெடையாது. விட்டதுலதான் சங்கதி," என்றார். சொல்லிவிட்டு அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவருக்கும் என்ன ஞாபகம் வந்ததோ. டீச்சர் மூன்றாவது பெஞ்சில் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள்.

ஆடியில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. பண்டிகையின் கடைசி நாள் அசனம். ஊர் முழுக்க ஒரே பந்தலில் பாயில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிற விருந்து. இலை போட்டு, சோறு வைத்து, கிடாக்கறிக் குழம்பு வாளியைத் தூக்கியதும், சுகிர்தம் டீச்சர் எழுந்து, நீங்கள் புசித்தாலும் குடித்தாலும் எதைச் செய்தாலும் தேவனுடைய மகிமைக்கென்று செய்யுங்கள் என்கிற வசனத்தைச் சொன்ன பிறகுதான் ஊர் கையை வைக்கும். அது எத்தனையோ வருஷத்து முறை. அந்த வசனம் பந்தலின் முகப்புத் துணியிலும் எழுதியிருந்தது. டீச்சர் தொண்டைக் கட்டு என்று கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். உடனே மிளகு தட்டிப் போட்ட வெந்நீர் வந்தது. "ஒரு வசனந்தான டீச்சர், ஊரே பசியோட இருக்கு," என்றாள் ஜெபரஞ்சிதம்.

டீச்சர் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அந்த வசனத்துக்குப் பிறகு அதிகாரம் முடிய இரண்டே வசனம். அதற்கப்பால் போனாலும், பெண்கள் முக்காடு போடுவதைப் பற்றி நீளமாக ஒரு பகுதி, அதில் ஓடிக் களைத்து நின்றுவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்கும் அப்பால் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல எழுந்து நின்றாள்.

வசனத்தைச் சொன்னாள், ஊர் கையை நீட்டியது, வசனம் நிற்கவில்லை, நீட்டிய கைகள் அப்படியே நின்றன. அதிகாரம் முடிந்தது. முக்காட்டுப் பகுதி வந்தது, பெண்கள் அனிச்சையாகத் தலையைத் தடவிக்கொண்டார்கள். ஆண்களின் நீள முடி வந்தது, இளவட்டங்கள் பிடரியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். டீச்சரின் குரல் ஓடிக்கொண்டிருந்தது, சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. அவள் துண்டின் நுனியை வாய்க்குள் திணித்தாள், துணி வழியாகவும் குரல் வந்தது. நீங்கள் கூடிவருவது நன்மைக்கு ஏதுவாயில்லை என்றது. நீங்கள் சாப்பிடும்போது அவனவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான் என்றது. ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் உண்டு குடித்து வெறித்திருக்கிறான் என்றது. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்டது. கேட்டுவிட்டு நின்றது.

யாரும் டீச்சரைப் பார்க்கவில்லை, ஆளாளுக்குத் தன் இலையைப் பார்த்தார்கள். ஏனென்றால் கிராதியிலிருந்து லீதியாள் எழுந்து போனதை எல்லாரும் பார்த்திருந்தார்கள், அவளைப் பார்க்காமல் அவள் வீட்டைக் கடந்துபோகப் பழகியிருந்தார்கள், அவளில்லாமல் நாலு அசனம் சாப்பிட்டு ஏப்பம் விட்டிருந்தார்கள். வெட்கம் பந்தலுக்குள் இலைக்கு இலை பரிமாறிக்கொண்டு போனது.

டீச்சர் துண்டை வாயிலிருந்து எடுத்தாள். "எந்தம்பி பெஞ்சாதி என் புழக்கடையில வந்து நின்னா," என்றாள். "பிள்ளைக்குப் பசிக்கின்னு சொன்னா. நான் மீன் தின்னுக்கிட்டு இருந்தேன். வசனத்தக் குடுத்து அனுப்பிட்டேன். தட்ட வேற திருப்பி வச்சிக்கிட்டேன்." பிறகு, நாக்கு இழுக்காமல், தானாகவே, அந்த அதிகாரத்தின் கடைசியில் இருக்கிற வசனத்தை எடுத்தாள்: சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். அது சொன்ன இடத்தில் நின்றது.

"சோறு ஆறிப்போவுமே ஐயா," என்றார் பொன்சிங் வாய்க்குள்.

"ஆறட்டும்," என்றார் குருவானவர், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு.

டீச்சர் செருப்பைப் போட மறந்து மணலில் நடந்தாள். லீதியாள் வீட்டு முன்வாசல் திறந்துதான் இருந்தது. டீச்சர் சுற்றிக்கொண்டு புழக்கடைக்குப் போய் நின்றாள். லீதியாள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிள்ளைகள் இரண்டும் நூல் கட்டிக்கொண்டிருந்தன. சின்னது வளர்ந்துவிட்டது. அது டீச்சரை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டது.

"முன்வாச தொறந்துதான கெடக்கு மைனி," என்றாள் லீதியாள், கையை நிறுத்தாமல்.

டீச்சருக்கு ஏதாவது சொல்ல வேண்டும். மன்னிப்புக்கென்று அவளிடம் எத்தனை வசனம் இருந்தது, கெட்ட குமாரனுக்கு ஒன்று, காணாமற்போன ஆட்டுக்கு ஒன்று, சீயோன் மகளுக்கென்று ஒரு மூட்டை. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. வந்ததெல்லாம் ஒரே சொல்தான்.

"பசிக்குதுளா," என்றாள்.

லீதியாளின் கை நின்றது. அந்தப் புழக்கடையில், அந்த வெயிலில், டீச்சரை அவள் நிற்க விட்டாள். பீடிக்கட்டு ஒன்றைக் கட்டி முடித்தாள், தட்டை இறக்கி வைத்தாள், இலைத் தூசியை உதறினாள், தண்ணீர் மொண்டு கையைக் கழுவினாள். அவ்வளவுக்கும் டீச்சர் நின்றாள். வெளியே போ என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

லீதியாள் உள்ளே போய், ஒரு தட்டில் பொங்கலை வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். நேற்று ஓடைக்கு அந்தப் பக்கம் கொடை, இரவெல்லாம் மேளம் கேட்டது. கருப்பட்டிப் பொங்கல், ஓரம் கொஞ்சம் காய்ந்திருந்தது.

"எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கணுமா மைனி?"

"வேண்டாம்," என்றாள் டீச்சர். முன்னால் வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு என்று ஒரு வரி, கிராதியில் அவள் முணுமுணுத்த அதே அதிகாரத்தில், ஐந்தாறு வசனம் தள்ளி இருக்கிறது. அதைச் சொல்லிக் காட்டாமல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கண்ணீரோடு சேர்த்து விழுங்கினாள். லீதியாள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், தண்ணீர் மட்டும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"அங்க ஊரே இலை போட்டுக் காத்துக்கிட்டு இருக்கு, லீதி. ஒருத்தரும் கை வைக்கல. நீ பிள்ளையளக் கூட்டிக்கிட்டு வா."

லீதியாள் காலித் தட்டை எடுத்து அலம்பி வைத்தாள். பிறகு சொன்னாள்: "இன்னைக்கு எங்களுக்குப் பசிக்கல மைனி. பசிச்சா வாரோம்."

டீச்சர் அதைக் கொண்டுவந்து அப்படியே பந்தலில் சொன்னாள். ஊர் கொஞ்ச நேரம் முணுமுணுத்தது. அவளுக்கு இவ்வளவு கொழுப்பா என்று ஒரு குரல் எழுந்தது, பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. காத்திருங்கள் என்றுதான் எழுதியிருந்தது, எவ்வளவு நேரம் என்று எழுதியிருக்கவில்லை. இலையில் வைத்த சோற்றைத் திரும்ப அண்டாவில் அள்ளினார்கள். பொழுது சாய்ந்ததும் ஜெபரஞ்சிதமும் மற்றப் பெண்களும் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து அண்டாவில் ஊற்றினார்கள், குழம்பைச் சுண்ட வைத்தார்கள். வீட்டுக்குப் போனவர்களும் அடுப்பு மூட்டவில்லை. அன்று கெம்பீரபுரம் வெறும் வயிற்றோடு படுத்தது, பசி என்றால் என்ன என்று பல பேருக்கு அன்றுதான் தெரிந்தது.

விடிந்ததும் ஊர் மறுபடி பந்தலில் வந்து உட்கார்ந்தது, வெயில் ஏறும்போது லீதியாள் வந்தாள், இரண்டு பிள்ளைகளோடு, கூடப் பேச்சியம்மாவையும் கூட்டிக்கொண்டு. யாரும் எழுந்து வரவேற்கவில்லை, அதற்கு ஒருவருக்கும் முகமில்லை. நடுவில் இடம் மட்டும் விட்டார்கள். கிண்ணம் கிண்ணமாகப் பழைய சோறும் சுண்டிய கறியும் வந்தன. குருவானவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வேண்டாமென்று தலையை அசைத்தாள். அன்று வசனமில்லாமல் அசனம் நடந்தது. சின்னது முதலில் கையை வைத்தது, பிறகு ஊர் வைத்தது.

இன்னமும் அந்த ஊரில் வசனம் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று கேட்டால் சொல்வாரில்லை, யாரும் பாதி வசனம் சொல்லிப் பார்க்கத் துணியாததால். லீதியாள் கோயிலுக்கு வருகிறாள், கடைசி பெஞ்சில் உட்காருகிறாள், சில ஞாயிறு வருவதில்லை. டீச்சரோடு அவள் அதிகம் பேசுவதும் இல்லை. ஆனால் கெம்பீரபுரத்தில் மட்டும் அசனத்தை ஒரு நாள் ஆக்கி, தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலையில் பழைய சோறாகத்தான் சாப்பிடுகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிற விருந்தாளிகள் முகத்தைச் சுளிப்பார்கள், இது என்ன முறை, சுடச்சுடச் சாப்பிட்டால் ஆகாதா என்பார்கள். ஊர் தலையைக் குனிந்துகொள்ளும். கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிற, ஒரு காலத்தில் வசனப் பெட்டி என்று பேர் வாங்கிய கிழவி மட்டும், சோற்றைப் பிழிந்துகொண்டே நிமிராமல் பதில் சொல்வாள்.

"ஒருத்தி வரவேண்டியிருந்திச்சு. அவளுக்குப் பசிக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தோம்."